விலாசம் படிக்கும் விரல்

அன்று காலை பதினோரு மணிக்குள் சிவசங்கரன் பன்னிரண்டு பார்சல்களை ஜாய்சன் பக்கம் தள்ளிவிட்டிருந்தார். ஒவ்வொன்றையும் தள்ளும்போது ஒரே வசனம்தான். "இந்தா, மலையாளம். உங்க ஊரு பக்கத்துச் சரக்கு, நீயே பாத்துக்கோ."

அந்த ஆபீஸில் அது வழக்கம். பெங்களூரு ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒக்கலிபுரம் போகிற சாலையில் இருக்கிறது பைரவி பார்சல் சர்வீஸ். கம்ப்யூட்டரில் அடித்து ஒட்டிய விலாசங்கள் தம் பாட்டுக்கு லாரி ஏறிவிடும். மார்க்கர் பேனாவில் கோணி மேல் எழுதியது, மழையில் நனைந்தது, "பெரிய ஆஸ்பத்திரி தாண்டி நாலாவது சந்து, ரெட்டை மாடி வீடு" என்று கதை சொல்வது, இவையெல்லாம் சிவசங்கரன் மேஜைக்கு வரும். தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் அவர் பொறுப்பு. உருது வந்தால் எதிரே டீக்கடை பாய். மலையாளம் வந்தால் லோடிங் பார்க்கிற ஜாய்சன். ஜாய்சனுக்கு மார்த்தாண்டம். கேரளா கூப்பிடு தூரம் என்பதால் அந்த எழுத்தும் அத்துப்படி.

பதின்மூன்றாவது பெட்டி வந்ததும் ஜாய்சன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டான்.

"அண்ணே, காலையிலேயே வெளையாட்டா?"

"இன்னாடா வெளையாட்டு? தூக்குடா."

"எல்லாமே தமிழுதான் அண்ணே. நானும் ஏதோ மூடுல இருக்கீங்கன்னு பேசாம வாங்கி அடுக்கிக்கிட்டே இருக்கேன். இந்தப் பெட்டியப் பாருங்க. நேத்து சாயந்திரம் ஒரு அம்மா வந்து சொல்லச் சொல்ல நீங்கதான் எழுதுனீங்க. உங்க கையெழுத்து உங்களுக்கே தெரியலையா?"

சிவசங்கரன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். மை தெளிவாக இருந்தது. வளைவும் சுழியும் கொம்பும் பளிச்சென்று தெரிந்தன. கண்ணில் ஒரு மங்கலும் இல்லை. ஆனால் ஓர் எழுத்துகூட வாயைத் திறந்து இன்னது என்று சொல்லவில்லை. ஐம்பத்தோரு வயதில், ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரிந்த எழுத்துகள், முன்பின் பார்க்காதவர்கள் மாதிரி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. எழுந்திருக்கலாம் என்று வலப்பக்கம் திரும்பினார். அங்கே டீ கிளாஸ் இருந்ததே தெரியாமல் முழங்கையால் தட்டிவிட்டார்.

சத்தம் கேட்டு மேனேஜர் சீனிவாசராகவன் அறையிலிருந்து வந்தார். மூன்று தலைமுறையாக மல்லேஸ்வரத்தில் இருக்கிற குடும்பம். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பார். நல்ல மனுஷர், ஆனால் நேரம் விஷயத்தில் கறார். லாரி ஐந்து மணிக்கு என்றால் ஐந்து மணிக்குத்தான்.

"ஏனப்பா, என்ன ஆச்சு?"

"சார், எனக்குத் தமிழ் மறந்து போச்சு சார்," என்றார் சிவசங்கரன், நல்ல சுத்தமான தமிழில்.

சீனிவாசராகவன் ஒரு நொடி முகத்தைப் பார்த்தார். அடுத்த நிமிஷம் ஆட்டோவைப் பிடித்து, தானே பக்கத்தில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். சிவசங்கரன் மனைவி ஸ்வர்ணாவுக்குப் போனும் அவர்தான் போட்டார். அவள் கேஸை அணைத்தது பாதி, அணைக்காதது பாதியாக ஓடி வந்தாள். (அணைத்துத்தான் இருந்தாள். ஆனால் அந்தச் சந்தேகம் அவளைச் சாயந்திரம் வரைக்கும் பிடுங்கித் தின்றது.)

*

அந்த நாள் சிவசங்கரனுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. குழாய்க்குள் படுக்கவைத்து டொக்டொக் என்று சத்தம் போட்டது ஞாபகம் இருக்கிறது. பேனாவைக் காட்டி இது என்ன என்று கேட்டால் பேனா என்றார். பிரதமர் யார் என்று கேட்டால் சரியாகச் சொன்னார். ஸ்வர்ணாவைக் காட்டி இவங்க யார் என்று கேட்டபோது, "இவள மறந்தா வீட்டுக்குப் போக முடியுமா?" என்றார். எல்லாம் சரியாக இருந்தது. ஒரு சீட்டில் நான்கு வார்த்தை எழுதிக் காட்டினால் மட்டும் முழித்தார்.

மூளை டாக்டர் பேர் அனுஷா. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவர் ஒரு தாளையும் பேனாவையும் கொடுத்தார்.

"சார், உங்க மனசுல என்ன தோணுதோ, அத எழுதுங்க. என்ன வேணாலும்."

சிவசங்கரன் மடமடவென்று எழுதினார். கை தயங்கவே இல்லை. அனுஷா வாங்கிப் படித்தார். படித்துவிட்டு ஸ்வர்ணாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இரண்டு நிமிஷம் ஏதேதோ பேச்சுக் கொடுத்துவிட்டு, அதே தாளைத் திருப்பி அவர் முன்னால் நீட்டினார்.

"இப்ப இதப் படிங்க சார்."

சிவசங்கரன் தாளை அப்படித் திருப்பினார், இப்படித் திருப்பினார்.

"யாரு எழுதுனது இது? கோழி கிளறுனாப்ல இருக்குது!"

ஸ்வர்ணாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்திலேயே அழுகையும் வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். அனுஷா வார்டு ஆயாவைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் ஸ்வர்ணா கையில் ஒரு டிபன் பொட்டலம் வந்தது. இட்லி, சூடாக. சட்னியைக்கூடத் தனியாகக் கட்டியிருந்தார்கள்.

அந்த நாளில் சிவசங்கரன் மனதில் அழியாமல் நின்ற விஷயம் இந்த இட்லிதான். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியைப் பற்றி யார் கேட்டாலும் அவர் ட்ரீட்மென்டைப் பற்றிப் பேசமாட்டார். "கூட இருக்கறவங்களுக்கும் டிபன் குடுக்குறாங்கப்பா! யாரு குடுப்பாங்க சொல்லு?" என்று ஆரம்பித்துவிடுவார். கால் சுளுக்கு என்று வந்த பக்கத்து வீட்டுக்காரரையும் அங்கேதான் அனுப்பினார். அந்தப் பக்கத்து வீட்டம்மா மத்தியானம் வரைக்கும் டிபனுக்குக் காத்திருந்துவிட்டு வந்து இவர்களோடு இரண்டு நாள் பேசவில்லை.

அந்தத் தாளை ஸ்வர்ணா நாலாக மடித்துத் தன் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். என்ன எழுதியிருந்தேன் என்று சிவசங்கரன் பின்னால் பலமுறை கேட்டுப் பார்த்தார். எழுதியது ஞாபகம் இருந்தது, என்ன எழுதினோம் என்பது இல்லை.

"நீங்க எழுதுனது. நீங்களே படிங்க," என்றாள். அதற்கு மேல் அவளிடமிருந்து ஒரு வார்த்தை பெயரவில்லை. பிடிவாதத்தில் ஸ்வர்ணாவை மிஞ்ச ஆள் பிறக்கவேண்டும்.

*

மூன்றாம் நாள் அனுஷா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தாளில் மூளையை இரண்டு பாதியாக வரைந்தார்.

"பின்பக்கம் இருக்கு பாருங்க, இங்கதான் பாக்குற வேலை நடக்குது. ரெண்டு பக்கமும் இருக்கு. உங்களுக்கு இடது பக்கத்துல ரத்தம் அடைச்சு அந்த எடம் போயிடுச்சு. அதனாலதான் வலது ஓரத்துல இருக்கறது எதுவும் தெரியல. இந்த வலது பக்கம் நல்லா இருக்கு. எழுத்தெல்லாம் அங்க தெளிவா விழுது."

"அப்புறம் இன்னா குறை?"

"அத எழுத்துன்னு புரிஞ்சு படிக்கிற எடம் இடது பக்கம் இருக்கு சார். ரெண்டுக்கும் நடுவுல ஒரு பாலம். அந்தப் பாலத்தோட பின்பகுதியும் சேர்ந்து அடிவாங்கிருக்கு. பாத்தது அந்தப் பக்கம் போக வழியில்ல."

சிவசங்கரன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அப்போ சரக்கு வந்து எறங்கிடுச்சு. டெலிவரிதான் ஆவல."

"கரெக்ட்!" அனுஷாவுக்கு ஒரே சந்தோஷம். "படிக்கிற ஆபீஸும் தொறந்துதான் இருக்கு. அங்கேர்ந்து கைக்குப் போற ரோடும் நல்லா இருக்கு. அதனாலதான் எழுத வருது. கண்ணுலேர்ந்து அங்க போற ரோடு மட்டும் கட் ஆயிடுச்சு."

"அந்த ரோட்ட எப்போ போடுவாங்க?"

"பெங்களூர் ரோடு மாதிரிதான் சார். தேதி சொல்ல முடியாது," என்று அனுஷா சிரித்தார். "ஆனா வேற வழி இருக்கும். தேடணும். கண்ணு மத்த எடத்தோட எல்லாம் பேசிக்கிட்டுத்தான் இருக்கு. முகம் பாத்தா ஆளு தெரியுது, பந்து வந்தா கை புடிக்குது. ஏதாவது ஒரு சந்து வழியா உள்ள நுழையலாம்."

ஒக்கலிபுரத்தில் இருபத்தாறு வருஷம் குடியிருந்தவருக்குச் சந்து வழியைப் பற்றிச் சொல்லியா தரவேண்டும்? ஆனால் எந்தச் சந்து என்பதுதான் தெரியவில்லை.

*

ஆகஸ்ட் கடைசியில் சீனிவாசராகவன் வீட்டுக்கு வந்தார். ஆப்பிள் பையை டீபாய் மேல் வைத்தார். அது வலது ஓரம். சிவசங்கரன் கண்ணில் படவில்லை. ஸ்வர்ணா எடுத்து இடப்பக்கம் வைத்தாள். அந்த வீட்டில் இப்போது எல்லாமே இடப்பக்கம் குடியேறியிருந்தது. வாழைக்காய் பஜ்ஜித் தட்டு மட்டும் விதிவிலக்கு. டாக்டர் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன நாளிலிருந்து அதை அவள் வலப்பக்கமாக வைத்துக் கொடுத்தாள். மனுஷர் இரண்டு தின்றுவிட்டுத் தட்டு காலி என்று எழுந்துபோய்விடுவார்.

சீனிவாசராகவன் சுற்றி வளைக்கவில்லை. "சிவசங்கரா, உள்ளதச் சொல்லிடறேன். விலாசத்தப் படிக்கிற கேமரா ஒண்ணு வாங்கிருக்கா. அது நன்னாவே படிக்கிறது. அது படிக்க முடியாததுக்கு ஒரு ஆள் வேணும். தீபாவளி வரைக்கும் அந்த மேஜை உன்னுதுதான், நான் பேசி வச்சிருக்கேன். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்து உட்காரு. முடிஞ்சா உனக்கு. முடியலேன்னா பொம்மசந்திரா கோடவுன்ல உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். பெட்டி எண்ணிக்கை பாக்கறது."

பொம்மசந்திராவுக்கு ஒக்கலிபுரத்திலிருந்து பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நாள் முழுக்க நின்றே பார்க்கவேண்டிய வேலை. அதுகூடப் பரவாயில்லை. அந்த மேஜைதான் சிவசங்கரன். குடியாத்தத்திலிருந்து மூட்டை தூக்குகிற வேலைக்கு வந்தவர். பஸ் போர்டையும் கடை போர்டையும் பார்த்துப் பார்த்தே கன்னடம் கற்றுக்கொண்டு, எட்டாம் வருஷம் அந்த மேஜையைப் பிடித்தவர். லாரி டிரைவர்கள் அவரை "அட்ரஸ் டாக்டர்" என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தவர் போன பிறகு சிவசங்கரன் ஆப்பிளைத் தொடவே இல்லை. வீட்டில் அது அதிசயம். ஸ்வர்ணாவுக்குத் துக்கமாக இருந்தது.

அடுத்த வாரம் முழுக்க அவர் எரிந்து விழுந்துகொண்டே இருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் எழுத்து அட்டைகளை வாங்கி வந்து வைத்துக்கொண்டு முறைப்பார். "அ"வைப் பார்த்தால் யானைத் துதிக்கை மாதிரி இருக்கிறது என்பார். துதிக்கை தெரிகிறது, "அ" தெரியவில்லை. அட்டையைத் தூக்கி எறிவார். ஸ்வர்ணா பொறுக்கி வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவர் முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் காபி சரியில்லை என்றார். மிக்சி சத்தம் என்றார். தைலம் ஜில்லென்று இருக்கிறது என்றார். ஸ்வர்ணாவுக்கு ஏறிக்கொண்டு வந்தது. நேரில் சொல்லவும் மனசு வரவில்லை. உடம்பு சரியில்லாத மனுஷர். எப்படியும் இவருக்குப் படிக்கத்தான் தெரியாதே என்ற தைரியத்தில், தைலம் பூசிய முதுகில் விரலால் பெரிதாக எழுதினாள். க. ழு. தை.

"யாருடி கழுதை?" என்றார் சிவசங்கரன்.

ஸ்வர்ணாவின் கை அப்படியே நின்றுவிட்டது. "என்ன சொன்னீங்க?"

"கழுதைன்னு எழுதுறியே, யாருன்னு கேட்டேன். எனக்கு இன்னா முதுகுல சொரணை இல்லையா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கும் உறைத்தது. சட்டென்று திரும்பினார். தைலக் கிண்ணம் உருண்டு போனது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னொண்ணு எழுது! எழுதுடி!"

"குரங்கு" எழுதினாள், படித்தார். "பஜ்ஜி" எழுதினாள், "எங்கே?" என்று கேட்டார். அவர் அம்மா பெயர், ஊர் பெயர், ரேஷன் கடைக்காரர் பெயர் எல்லாம் எழுதினாள். ஒன்றும் தப்பவில்லை. அந்த மத்தியானம் முழுக்க இருவரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மூன்று பாட்டில் தைலம் தீர்ந்தது என்று சிவசங்கரன் சொல்வார். ஒன்றுதான்.

*

அனுஷாவிடம் போய்ச் சொன்னபோது அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "தோல் வழியா உள்ள போகுது சார்! அந்த ரோடு தொறந்திருக்கு. இனிமே ஒண்ணு பண்ணுங்க. எழுத்தப் பாத்துப் படிக்க முயற்சியே பண்ணாதீங்க. அதோட வளைவு மேலேயே கண்ண ஓட்டுங்க, கூடவே உங்க விரலால அத எழுதுங்க. தொடை மேல, மேஜை மேல, எங்க வேணாலும். கண்ணு கைகிட்ட சொல்லட்டும், கை போய் ஆபீஸ்ல சொல்லட்டும்."

"அதாவது நேரா லாரி இல்ல. எறக்கி, வேற வண்டியில ஏத்தி அனுப்புறது."

"அதேதான். லேட் ஆகும். ஆனா போய்ச் சேரும்."

லேட் என்றால் சாதாரண லேட்டா? முதல் நாள் "பால்" என்ற வார்த்தைக்கு ஐந்து நிமிஷம் ஆனது. இங்கிலீஷ் பரவாயில்லை, கோடு கோடாகப் போய்விடும். தமிழில் "ண" வந்தால் விரல் ரவுண்டு அடித்துக்கொண்டே இருக்கும். கன்னடம் ஜிலேபிச் சுற்று, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று பிடிப்பதற்குள் தலை கிறுகிறுக்கும். ஆனால் விரலை எடுக்கவில்லை அவர். எதிர் வீட்டு கேட், கேஸ் சிலிண்டர், மசாலா பாக்கெட், பஸ் பின்னால் ஒட்டிய மூலநோய் விளம்பரம், எதையும் விடவில்லை. மெட்ரோவில் உட்கார்ந்து தொடையில் கிறுக்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்து ஒரு பெண் இடம் மாறி உட்கார்ந்தாள். ஸ்வர்ணாவுக்கு மானம் போனது. இவருக்குக் கவலையே இல்லை, ஏனென்றால் அப்போதுதான் ஸ்டேஷன் போர்டில் "கெம்பேகவுடா" முடித்திருந்தார்.

அக்டோபர் வரும்போது ஒரு விலாசத்துக்கு நாலு நிமிஷம் என்ற கணக்குக்கு வந்தார். பழைய சிவசங்கரனுக்கு நாலு விநாடி. போதுமா போதாதா என்று அவருக்கே தெரியவில்லை.

*

தீபாவளிக்கு முந்தின வாரம் ஆபீஸில் கால் வைக்க இடம் இல்லை. பெங்களூரில் பிழைக்க வந்த தமிழ்நாட்டு ஜனம் மொத்தமும் ஊருக்கு ஏதாவது அனுப்பிவிட்டுத்தான் பஸ் ஏறும் போல. முறுக்கு டின், மிக்சி, குக்கர், புடவைப் பொட்டலம், பட்டாசு வைத்து அனுப்பப் பார்த்து மாட்டிக்கொண்ட ஒருவர். கேமராவுக்குக் கீழே பெல்ட்டில் சரக்கு ஓட, பச்சை விளக்கு எரிந்தால் லாரிக்கு, சிவப்பு எரிந்தால் சிவசங்கரன் மேஜைக்கு.

சீனிவாசராகவன் வாட்சைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு லாரி. அதுக்குள்ள இங்க வர்றது அத்தனையும் முடியணும். யாரும் வாசிச்சுக் காட்டக்கூடாது, போன் போட்டுக் கேக்கவும் கூடாது. ஜாய்சா, உன்னத்தான்."

"நான் என்ன சார் பண்ணினேன்?" என்றான் ஜாய்சன். வாசித்துக் காட்டத்தான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மதியம் இரண்டுக்கு முதல் சிவப்பு. சிவசங்கரன் வலது கையை மேஜைக்குக் கீழே தொடை மேல் வைத்துக்கொண்டார். கண் கோணியின் மேல், விரல் பேன்ட்டின் மேல். "தி... ரு... ப்..." திருப்பத்தூர். அடுத்தது ஆரணி. மூன்றாவது கன்னடம், ஹாசன் பக்கத்து ஊர். ஆறு நிமிஷம் எடுத்தது. சீனிவாசராகவன் வாட்சைப் பார்த்தார், சிவசங்கரன் அவரைப் பார்க்கவில்லை. நான்கு மணிக்குப் பத்து முடிந்திருந்தது. நாலரைக்குப் பதின்மூன்று. ஜாய்சன் கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கிற முகத்தோடு நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பதினான்காவது ஒரு அரிசிக் கோணி. கேமரா மூன்று தடவை சிவப்பு காட்டியிருந்தது. மார்க்கரில் எழுதியது. ஆனால் அதை எழுத்து என்றே சொல்லமுடியாது. ஓர் எழுத்து மேலே குதித்திருந்தது, அடுத்தது பக்கத்து எழுத்தின் மடியில் விழுந்திருந்தது, நடுநடுவே கோடு இழுத்துக்கொண்டு போயிருந்தது. பெறுகிறவர் போன் நம்பரில் ஒன்பது இலக்கம்தான் இருந்தது. சீனிவாசராகவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தார். "கொத்தில்லப்பா, புரியலை. தமிழா கன்னடமான்னே தெரியலை." ஜாய்சன் பார்த்தான். "இது நிஜமாவே மலையாளமும் இல்ல அண்ணே," என்றான்.

மணி நாலே முக்கால்.

சிவசங்கரன் விரலை வைத்தார். முதல் எழுத்து, ஒரு கோடு இறங்கி, திரும்பி, திடீரென்று மேலே துள்ளியது. விரலும் துள்ளியது. இரண்டாவது எழுத்தில் இரண்டு சுழி நன்றாகப் போய், மறுபடி ஒரு துள்ளல். விரல் ஒரு தடவை போய்வந்தது, இரண்டாம் தடவை போய்வந்தது. மூன்றாவது தடவையில் அவர் உடம்பே லேசாகக் குலுங்கியது. பார்த்துக்கொண்டிருந்த சீனிவாசராகவனுக்குப் பயமாகிவிட்டது. "சிவசங்கரா? தலை சுத்தறதா?"

சிவசங்கரன் முகத்தில் ஒரு சிரிப்பு மெதுவாக விரிந்தது.

"சார், இது ஆட்டோவுல ஒக்காந்து எழுதுனது."

"என்னது?"

"கோணிய மடியில வச்சிக்கினு வர்ற வழியில எழுதியிருக்காங்க. நம்ம ரோடு தெரியாதா உங்களுக்கு? பள்ளம் வந்தா கை தூக்குது. இந்தக் கோடு ஸ்பீடு பிரேக்கர். பள்ளத்தையெல்லாம் கழிச்சுட்டுப் பாத்தா..." விரல் தொடை மேல் நிதானமாக ஓடியது, இந்த முறை துள்ளல்களை மட்டும் விட்டுவிட்டு. "போ... ளூ... ர். போளூர். மேல, கந்த... வேலு. கந்தவேலு. பெரிய தெரு. ரைஸ் மில் பின்னாடி."

எல்லாரும் எழுத்தைப் பார்த்தார்கள், அதனால் கிறுக்கலைத்தான் பார்த்தார்கள். இவர் ஒருவர்தான் எழுதிய கையோடு கூடவே ஆட்டோவில் போய்விட்டு வந்திருந்தார்.

"சரின்னு எப்படி நம்பறது?" என்றார் சீனிவாசராகவன். ஆனால் குரலில் கறார் குறைந்திருந்தது. புக்கிங் கவுன்டரில் சொல்லி, பில்லில் இருந்த அனுப்பியவர் நம்பருக்குப் போன் போடச் சொல்லி, ஸ்பீக்கரில் வைத்தார். ஒரு பெண் எடுத்தாள்.

"எங்கம்மா அனுப்பிருக்கீங்க அரிசி மூட்டை?"

"போளூருங்க. எங்க அண்ணனுக்கு. ஏங்க, விலாசம் புரியலையா? ஆட்டோல வர்றச்சே அவசரத்துல எழுதுனேங்க."

ஜாய்சன் போட்ட கூச்சலில் டீக்கடை பாய் ரோட்டைத் தாண்டி ஓடி வந்தார். லாரி ஐந்து மணிக்கு நகர்ந்தது. கோணி அதில் ஏறியிருந்தது. சீனிவாசராகவன் கொஞ்ச நேரம் மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஜாய்சனைக் கூப்பிட்டார்.

"ஏய், இந்த மேஜையத் திருப்பிப் போடணும். பெல்ட் இவனுக்கு வலப்பக்கம் இருக்கு, எப்படித் தெரியும்? நாளைலேர்ந்து சரக்கு எல்லாம் இடப்பக்கமா வரட்டும்."

பொம்மசந்திராவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. சிவசங்கரன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தூசு என்றார். பார்சல் ஆபீஸில் தூசுக்கா பஞ்சம்?

*

வீட்டுக்கு வந்தபோது ஏழு மணி ஆகவில்லை. ஸ்வர்ணா வாசல் கதவிலேயே நின்றிருந்தாள். இவர் இடது கையை மட்டும் நீட்டி, "மேஜைய இந்தப் பக்கம் திருப்பிப் போடுறாங்க," என்றார். அவளுக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போனாள். பர்ஸிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து வந்து நீட்டினாள். மடிப்பெல்லாம் நைந்திருந்தது.

"இப்ப படிங்க."

சிவசங்கரன் தாளை விரித்து இடப்பக்கம் தள்ளி வைத்துக்கொண்டார். தொடையில் எழுதப் போனவர், என்ன தோன்றியதோ, ஸ்வர்ணாவின் கையை இழுத்து உள்ளங்கையை விரித்து அதன் மேல் விரலை வைத்தார். சொந்தக் கையெழுத்து. விரலுக்கு அது வந்து பழகிய தெரு, மற்ற எதையும்விட வேகமாகப் போயிற்று.

"ஸ்வ... ர்ணா. ஸ்வர்ணா கா... லை... யிலேர்ந்து..." விரல் கொஞ்சம் நின்றது. மறுபடி ஓடியது. "ஒண்ணும் சா... ப்பிடல. யாராவது அவளுக்கு... ரெண்டு... இட்லி வாங்கிக் குடுங்க."

கீழே இன்னொரு வரி இருந்தது. அதையும் எழுதினார். "சட்னி தனியா. மேல ஊத்துனா சாப்பிடமாட்டா."

அவர் விரல் அவள் கையிலேயே நின்றுவிட்டது. ஸ்வர்ணா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது மனப்பாடம்.

"அப்போ அந்த ஆஸ்பத்திரியில டிபன்..." என்று ஆரம்பித்தார்.

"எந்த ஆஸ்பத்திரியிலங்க கூட வந்தவங்களுக்கு இட்லி வாங்கித் தருவாங்க?" என்றாள் ஸ்வர்ணா. சிரித்தாள், கண்ணில் நீர் நின்றது. "தலையில அடைப்பு வந்து படுத்துக் கெடக்குற மனுஷன், எழுதச் சொன்னா இதையா எழுதுவாரு? அந்த டாக்டரம்மா படிச்சிட்டு என்னப் பாத்துச்சு பாருங்க ஒரு பார்வை..."

சிவசங்கரன் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். அதைப் படிக்க அவருக்கு எந்தச் சந்து வழியும் தேவைப்பட்டதில்லை.

"இன்னிக்கி சாப்டியா நீ?"

"எங்க சாப்டறது? காலையிலேர்ந்து வாசலத்தானே பாத்துக்கிட்டிருக்கேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். வலது செருப்பைத் தேட வழக்கம்போல இரண்டு தடவை தலையைத் திருப்பவேண்டியிருந்தது. தெருமுனை தர்ஷினி ஓட்டலில் கூட்டம். சிவசங்கரன் எல்லாருக்கும் மேலாகக் கையைத் தூக்கி, கல்லாவில் இருந்தவரிடம் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்.

"எரடு இட்லி பார்சல், சுவாமி. சட்னி பேரே கட்டி, தனியா!"